கோடையில் வீட்டைக் குளிர வைத்தல்

சித்திரை, வைகாசி மாதங்களில் வெயிலின் கடுமை எத்தன்மையது என்பதை நம் குடியானவர்களுக்கு எடுத்துச் சொல்ல வேண்டுவதில்லை. விழுப்புரம், திண்டிவனம் பக்கங்களில் அக்கினி நட்சத்திர நாட்களில் உஷ்ணம் 40 டிகிரி செல்ஸியஸை நெருங்குவதும், சில நாட்களில் அதைத் தாண்டுவதும் உண்டு. கழனியில் பாடுபடுகிறவர் காலை வேளையிலேயே வேலையை முடித்துக்கொண்டு நிழலுக்குத் திரும்பிவிடலாம். ஆனால் திரும்பி வந்த வீடே அடுப்பைப் போலக் காயுமாயின் அவர் இளைப்பாறுவது எங்ஙனம்? இரவில் நித்திரையின்றிப் புரண்டவர் மறுநாள் விடியற்காலையில் கரும்பு வெட்டவோ, களையெடுக்கவோ தெம்புடன் செல்வது எப்படி? வீட்டின் உஷ்ணம் சௌகரியத்தை மட்டும் பற்றிய விஷயமன்று. உடலுழைப்பையும், முதியோர் குழந்தைகளின் உயிரையும் பற்றிய விஷயமாகும். தமிழ்நாட்டு அரசாங்கத்தார் 2024-ஆம் வருஷம் அக்டோபர் மாதத்தில் வெப்ப அலையை மாநிலப் பேரிடர்களுள் ஒன்றாக அறிவித்தது இதன் பொருட்டேயாகும்.

வீட்டைக் குளிர்விக்க மின்சார யந்திரம் ஒன்றே வழி என்று பலர் எண்ணுகின்றனர். அது சரியன்று. வெப்பம் எவ்வழியாக வீட்டிற்குள் நுழைகிறதோ, அவ்வழியை முதலில் அடைக்க வேண்டும். அதன் பின்னரே விசிறிக்கும் யந்திரத்திற்கும் செலவு செய்யத் தகும். இவ்வரிசையை மாற்றிச் செய்வது, மடையை அடைக்காமல் வயலிலிருந்து நீரை இறைப்பதற்கு ஒப்பாகும்.

கூரையின் மாறுதல்

விழுப்புரத்திற்குக் கிழக்கே, புதுச்சேரி செல்லும் சாலையில் உள்ளது கோலியனூர். இவ்வூரிலும் சுற்றுப்புறத்துக் கிராமங்களிலும் முற்காலத்தில் மண்சுவரும், அதன்மேல் தென்னங்கீற்று, பனையோலை, கரும்புச் சோகை முதலியவற்றால் வேய்ந்த கூரையுமே பெரும்பான்மையாக இருந்தன. வசதியுள்ளவர்கள் நாட்டு ஓடு போட்டனர். இன்னும் வசதியுள்ளவர்கள் தேக்கு மரச் சட்டங்களின்மேல் செங்கல்லும் சுண்ணாம்பும் கொண்டு மெத்தைத் தளம் இட்டனர். ஓலைக் கூரையின் அடுக்குகளுக்கிடையே காற்று தங்கி நிற்பதால் வெயிலின் சூடு எளிதில் கீழே இறங்குவதில்லை. அக்கூரை வீடு கோடையில் குளிர்ச்சியாக இருந்ததற்குக் காரணம் இதுவே.

ஆயினும் ஓலைக் கூரைக்குக் குறைகளும் உண்டு. தீப்பொறி ஒன்று போதும், தெரு முழுவதும் சாம்பலாகிவிடும். சில வருஷங்களுக்கொரு முறை மாற்றி வேய வேண்டும். புயலுக்கு அது நிற்பதில்லை. 2011-ஆம் வருஷம் டிஸம்பர் 30-ஆம் தேதி கரையேறிய ‘தானே’ புயலும், 2024-ஆம் வருஷம் நவம்பர் 30-ஆம் தேதி புதுச்சேரிக்கு அருகே கரையேறிய ‘பெஞ்சல்’ புயலும் இப்பக்கத்தார் மறக்கக்கூடியவை அல்ல. ஆகையால் 2010-ஆம் வருஷத்துக் கலைஞர் வீடு வழங்கும் திட்டம், 2011-ஆம் வருஷத்துப் பசுமை வீடுகள் திட்டம், 2024-ஆம் வருஷத்துக் கலைஞரின் கனவு இல்லம் திட்டம் ஆகியவற்றால் குடிசைகள் கான்கிரீட் வீடுகளாக மாறி வந்தது நல்லதே. கூரை வீட்டிற்குத் திரும்ப வேண்டுமென்பது இக்கட்டுரையின் கருத்தன்று. தீக்கும் புயலுக்கும் அஞ்சாத கான்கிரீட் வீட்டில், பழைய கூரையின் குளிர்ச்சியையும் பெறுவது எவ்வாறு என்பதையே இங்கே விளக்குவோம்.

வெப்பம் வரும் வழி

கோலியனூர் பூமத்திய ரேகைக்கு வடக்கே ஏறத்தாழ 12 டிகிரியில் உள்ளது. ஆகையால் ஏப்ரல் மாதம் 21-ஆம் தேதியை ஒட்டி, அதாவது சித்திரை இரண்டாம் வாரத்தில், நண்பகற் சூரியன் நேர் உச்சியில் நிற்கிறான். அதன் பின்னர் சிறிது வடக்கே சாய்ந்து சென்று, ஆகஸ்டு மாதம் 21-ஆம் தேதியை ஒட்டி மறுபடியும் உச்சிக்கு வருகிறான். இதிலிருந்து மூன்று விஷயங்கள் விளங்கும். கோடையில் வெயிலை மிகுதியாக வாங்குவது கூரையே. காலையில் கீழ்ச்சுவரும், பிற்பகலில் மேற்சுவரும் சாய்வெயிலை நேராக ஏற்கின்றன. தென்சுவருக்கோ கோடை நண்பகலில் வெயிலே இல்லை.

தெளிவான நாளில் நண்பகற் சூரியனிடமிருந்து ஒரு சதுர மீட்டர் பரப்பில் சுமார் 1,000 வாட் சக்தி விழுகிறது. பசுமை வீடுகள் திட்டத்தில் கட்டியது போன்ற 300 சதுர அடி வீட்டின் கூரை சுமார் 28 சதுர மீட்டர் ஆகும். அதன்மேல் விழுவது 28,000 வாட். 75 வாட் இழுக்கும் மின்விசிறிகள் 370 ஓடுவதற்கு வேண்டிய சக்திக்கு அது சமம். சிமெண்டுத் தளம் வருஷக்கணக்கில் கறுத்துப்போன நிலையில் இதில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கை உறிஞ்சிக்கொள்ளும். உறிஞ்சிய சூடு, தளத்தின் கனத்தைக் கடந்து கீழே வரச் சில மணி நேரமாகிறது. வெயில் தாழ்ந்த பிறகும், விளக்கு வைத்த பிறகும் மேற்தளத்திலிருந்து அனல் இறங்குவதன் காரணம் யாதெனில் இத்தாமதமே. அந்நேரத்தில் அதன்கீழே மின்விசிறியைச் சுழற்றினால், தளத்தை ஒட்டிநிற்கும் சூடான காற்றே கீழே தள்ளப்படுகிறது.

கூரைக்கு வெள்ளை பூசுதல்

எல்லா உபாயங்களிலும் செலவு குறைந்ததும் பலன் விரைவில் தருவதும் கூரையின்மேல் வெண் சுண்ணாம்பு பூசுவதேயாகும். புதிதாகப் பூசிய வெண்மையான தளம் வெயிலில் பெரும்பங்கைத் திருப்பியனுப்பி, கால் பங்கு அல்லது அதற்குச் சற்று அதிகமாகவே உறிஞ்சும். தளத்தின்மேல் வெறுங்காலுடன் நண்பகலில் நடந்து பார்த்தால், பூசிய பகுதிக்கும் பூசாத பகுதிக்கும் உள்ள வித்தியாசத்தை எவரும் உணரலாம்.

செய்முறை பின்வருமாறு:

1. மாசி மாதக் கடைசியில் அல்லது பங்குனித் தொடக்கத்தில் தளத்தைத் துடைப்பத்தால் பெருக்கி, பாசியைச் சுரண்டி, நீர்விட்டுக் கழுவ வேண்டும். வெடிப்புகள் இருந்தால் முன்னதாகவே அடைத்துவிட வேண்டும்.

2. நல்ல கற்சுண்ணாம்பு அல்லது கிளிஞ்சற் சுண்ணாம்பை ஒரு கிலோவுக்கு 4 முதல் 5 லிட்டர் நீர் என்ற அளவில் நீற்றி, ஒரு நாள் ஊறவிட்டு, மெல்லிய துணியில் வடிகட்ட வேண்டும். சுண்ணாம்பு நீறும்போது கொதித்துத் தெறிக்குமாதலால் குழந்தைகளை விலக்கிவைத்து, கண்ணுக்குக் கண்ணாடி அணிந்துகொள்வது அவசியம். பிளாஸ்டிக் வாளியைத் தவிர்த்து இரும்புப் பாத்திரத்தையோ, சிமெண்டுத் தொட்டியையோ உபயோகிக்கலாம்.

3. கையில் ஒட்டாமல் பிடிப்புடன் நிற்பதற்காக அரிசிக் கஞ்சிப் பசையைச் சிறிது சேர்ப்பது பழைய வழக்கம். வெள்ளை சிமெண்டு சேர்ப்பது இக்கால வழக்கம்.

4. தளத்தை நனைத்து, வெயில் தாழ்ந்த வேளையில் முதற்பூச்சு பூச வேண்டும். அது காய்ந்தபின் குறுக்காக இரண்டாம் பூச்சும், புதுத் தளமாயின் மூன்றாம் பூச்சும் பூசலாம்.

தூசியும் மழையும் வெண்மையைக் குறைத்துவிடும். ஆகையால் வருஷந்தோறும் கோடைக்கு முன் ஒரு பூச்சுப் பூசுவது நலம். கடையில் விற்கும் வெண் கூரை வர்ணங்கள் விலை கூடியவை. ஆனால் சில வருஷங்கள் நீடிக்கும். மழைநீரைத் தொட்டியில் சேமிக்கிறவர்கள், பூசியபின் வரும் முதல் மழைநீரைத் தொட்டிக்குள் விடாமல் வெளியே போக்கிவிட வேண்டும். கல்நார்த் தகடோ, இரும்புத் தகடோ போட்ட மாட்டுக் கொட்டகைக்கும் இப்பூச்சு ஏற்றதே. கறவை மாடுகள் வெப்பத்தால் தீனி குறைத்து, பால் குறைவதைக் குடியானவர்கள் அறிவார்கள். கல்நார்த் தகட்டைச் சுரண்டினால் எழும் தூசி நுரையீரலுக்குத் தீங்கானது. அதை நீர்விட்டுக் கழுவுவதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும்.

கூரைக்குமேல் நிழல்

வெள்ளைப் பூச்சுக்கு அடுத்தது கூரைக்கே ஒரு நிழலை உண்டாக்குவது. இதற்குச் சிறந்த உதாரணம் கோலியனூரிலிருந்து சுமார் 30 கிலோமீட்டர் தொலைவில், புதுச்சேரியிலேயே உள்ளது. ஸ்ரீ அரவிந்தர் ஆசிரமத்தைச் சேர்ந்த ‘கோல்கொண்டா’ என்னும் விடுதியை 1937-ஆம் வருஷத்தில் அன்டோனின் ரேமண்ட் என்னும் சிற்பியின் திட்டப்படி கட்டத் தொடங்கினர். அக்கட்டிடத்தின் நீண்ட பக்கங்கள் இரண்டும் வடக்கையும் தெற்கையும் நோக்கியிருக்கின்றன. சுவருக்குப் பதிலாக, வேண்டியபடி திருப்பக்கூடிய சாய்பலகைகள் பொருத்தப்பட்டு, வெயிலைத் தடுத்துக் காற்றை விடுகின்றன. தட்டையான தளத்தின்மேல் வளைந்த கான்கிரீட் ஓடுகள் இடைவெளிவிட்டு அடுக்கப்பட்டிருக்கின்றன. வெயில் மேல் ஓட்டில் விழுகிறது, இடைவெளியில் உலவும் காற்று சூட்டைக் கொண்டுபோய்விடுகிறது, கீழ்த்தளம் காய்வதில்லை.

இத்தத்துவத்தைக் கையாளப் பெரும் பொருள் வேண்டுவதில்லை. நம் பக்கத்திலேயே விளையும் சவுக்குக் கழிகளைத் தளத்தின்மேல் நிறுத்தி, மூன்று நான்கு அடி உயரத்தில் தென்னங்கீற்றையோ, பனையோலைத் தட்டியையோ பரப்பினால் அதுவே இரட்டைக் கூரையாகும். தட்டியைத் தளத்தின்மேல் ஒட்டப் பரப்பிவிடக் கூடாது. நான்கு பக்கமும் காற்று புகுந்து வெளியேற இடமிருக்க வேண்டும். மின்கம்பிக்கும், புகைபோக்கிக்கும் அருகே பந்தல் கூடவே கூடாது. ஐப்பசி பிறக்குமுன் பந்தலைப் பிரித்து அடுக்கிவிட வேண்டும்; இல்லாவிடில் புயற்காற்றில் கழிகள் பறந்து ஆபத்து விளையும்.

நிலையான ஏற்பாடு செய்ய வசதியுள்ளவர்கள், கான்கிரீட்டின்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் சேர்த்துச் சுமார் மூன்று அங்குலக் கனத்தில் இடித்துத் தளம் போட்டு, அதன்மேல் தட்டோடு பதிக்கலாம். மழைநீர் ஒழுகாமலிருக்க இட்டுவந்த இத்தளம் வெப்பத்தையும் தடுக்கும். சிறு வீடுகளில் செலவைக் குறைப்பதற்காக இதை விட்டுவிடுவது உண்டு. அவ்வாறு விட்டதன் கஷ்டம் ஒவ்வொரு கோடையிலும் தெரியவரும். ஆனால் பழைய கட்டிடத்தின்மேல் புதிய பாரம் ஏற்றுமுன் அனுபவமுள்ள பொறியாளரைக் கேட்டறிவது அவசியம்.

மேற்சுவருக்குக் கொடிப்பந்தல்

கூரைக்கு அடுத்தபடியாகக் கவனிக்க வேண்டியது மேற்சுவர். பிற்பகல் வெயிலைக் குடித்து, இரவில் கக்குவது இதுவே. இச்சுவருக்கு இரண்டடி தள்ளி மூங்கில் அல்லது சவுக்குக் கழிகளால் பந்தற்சட்டம் கட்டி, பீர்க்கு, பாகல், புடல் முதலிய கொடிகளைப் படரவிடலாம். தை மாதத்தில் விதை ஊன்றினால் சித்திரையில் இலை அடர்ந்து நிற்கும். குளியல் நீரும் பாத்திரம் கழுவிய நீரும் இவற்றிற்குப் போதும். சுவருக்கு நிழலும், குடும்பத்திற்குக் கறியும் ஒருங்கே கிடைக்கும்.

நெடுநாளைய பலனுக்கு மரம் நடுதல் வேண்டும். புங்கும் வேம்பும் இதற்கு மிகவும் ஏற்றவை. இவை மாசி, பங்குனியில் இலையுதிர்த்தாலும், வெயில் கடுமையாகும் சித்திரைக்குள் புதுத்தழை விட்டு அடர்ந்துவிடுகின்றன. சுவரிலிருந்து 12 முதல் 15 அடி தள்ளி, வீட்டின் மேற்கிலும் கிழக்கிலும் நட வேண்டும். மின்கம்பியின் கீழே நடலாகாது. முருங்கை புயலில் எளிதில் முறிவதாலும், நிழல் அடர்த்தியின்மையாலும் இக்காரியத்திற்கு ஏற்றதன்று.

காற்றை வாங்கும் நேரம்

ஜன்னலை எப்பொழுதும் திறந்துவைத்தால் குளிர்ச்சி என்று எண்ணுவது தவறு. கோடையில் பகற்பொழுதில் உள்நாட்டிலிருந்து வீசும் மேல்காற்று உலர்ந்தும் அனலாகவும் இருக்கும். காலை ஒன்பது, பத்து மணிக்குமேல் மேற்குப் பக்கத்து ஜன்னல்களை மூடிவிட வேண்டும். கடற்கரையில் நண்பகலை ஒட்டி எழும் கடற்காற்று உள்நாட்டில் கோலியனூரை எட்டச் சற்று நேரமாகும். மேல்காற்று பலத்த நாட்களில் எட்டாமலே போவதும் உண்டு. கிழக்கிலிருந்து காற்று திரும்பியது தெரிந்தவுடன் கிழக்கு, தெற்கு ஜன்னல்களையும், எதிர்ப்பக்கத்தில் வெளியேறும் வழியையும் திறக்க வேண்டும். இரவு முழுவதும் திறந்துவைத்து, சுவர்களில் தங்கிய சூட்டைப் போக்கி, விடிந்தபின் மூடுவதே முறை. கொசுவுக்கு அஞ்சி இரவில் அடைத்துக்கொள்வோர் ஜன்னல்களுக்கு வலை அடித்துக்கொள்வது, யந்திரம் வாங்குவதைவிடச் சிக்கனமானது.

உலர்ந்த மேல்காற்று வீசும் நாட்களில் அக்காற்றையே பயன்படுத்திக்கொள்ளவும் வழியுண்டு. கடலூர்க் கரையோரத்து மணற்பாங்கில் பயிராகும் வெட்டிவேரால் முடைந்த தட்டியை மேற்கு ஜன்னலில் தொங்கவிட்டு நனைத்தால், உள்ளே வரும் காற்று குளிரும். ஒரு லிட்டர் நீர் ஆவியாகும்போது ஏறத்தாழ மூன்றில் இரண்டு யூனிட் மின்சாரத்திற்குச் சமமான வெப்பத்தை எடுத்துச் செல்வதே இதன் காரணம். ஆனால் ஈரமான கடற்காற்று வீசும்போது நீர் ஆவியாவது குறைவதால் தட்டியும், கடைகளில் விற்கும் நீர்க்குளிர்ப்பானும் அவ்வளவாகப் பயன்படா. அவ்வேளையில் தட்டியைச் சுருட்டிவிட்டுக் காற்றை விடுவதே மேல்.

அடுப்பின் சூட்டையும் மறக்கலாகாது. சமையலைக் காலையிலேயே முடித்துவிடுவதும், கோடையில் அடுப்பைத் தாழ்வாரத்திற்கு மாற்றுவதும் நல்லது. பழைய குண்டு விளக்கு எரியும் வீட்டில் அவ்விளக்கே ஒரு சிறு அடுப்பு. அதற்குப் பதிலாக எல்.இ.டி. விளக்குப் போட்டால் சூடும் செலவும் குறையும்.

மின்சாரச் சாமான்கள்

மேற்கூறியவற்றைச் செய்தபின் மிஞ்சும் வெப்பத்திற்கே மின்சாரம் வேண்டும். மின்விசிறி காற்றைக் குளிர்விப்பதில்லை; வியர்வையை உலர்த்தி உடலைக் குளிர்விக்கிறது. ஆகையால் ஆளில்லா அறையில் விசிறி சுழல்வது முழு நஷ்டம். 75 வாட் விசிறி ஒன்று நாளொன்றுக்கு 12 மணி நேரம் ஓடினால் 60 நாட்களில் 54 யூனிட் ஆகும். பி.எல்.டி.சி. எனப்படும் புதுவகை விசிறி 30 வாட் அளவிலேயே ஓடுவதால், அதே நேரத்திற்குச் சுமார் 22 யூனிட் போதும். 2016-ஆம் வருஷம் மே மாதத்தில் வீடுகளுக்கு இரு மாதத்திற்கு 100 யூனிட் இலவசமாக்கப்பட்டபோது, அவ்வளவுக்குள் அடங்கிய சிறு குடும்பங்கள் கட்டணமின்றி விளக்கும் விசிறியும் அனுபவித்தன. ஒரு விசிறியில் மிஞ்சும் 32 யூனிட் எவ்வளவு பெறும் என்பதை இதனோடு ஒப்பிட்டு அறியலாம். நுகர்வு ஏற ஏற யூனிட்டின் விலையும் ஏறும் கட்டண முறையில், கடைசியாகச் செலவாகும் யூனிட்டே அதிக விலையுள்ளது. 2023-ஆம் வருஷம் ஜனவரி முதல் மேல்தள மின்விசிறிகளுக்கு நட்சத்திரக் குறி கட்டாயமாக்கப்பட்டது. வாங்கும்போது அதைப் பார்த்து வாங்க வேண்டும்.

அறையின் உஷ்ணம் 40 டிகிரியைக் கடந்துவிட்டால் விசிறிக்காற்று உடலை மேலும் சூடாக்கும் என்று உலக சுகாதார ஸ்தாபனத்தார் எச்சரித்திருக்கின்றனர். அப்பொழுது ஈரத்துணியால் உடலைத் துடைத்துக்கொண்டு, வீட்டின் குளிர்ந்த பகுதிக்கோ மரத்தடிக்கோ சென்றுவிட வேண்டும்.

குளிர்சாதன யந்திரம் வைத்திருப்போருக்கும் கூரைப் பூச்சு அவசியமே. கூரையில் இறங்கும் வெப்பத்தை வெளியேற்றவே அந்த யந்திரம் பெரிதும் பாடுபடுகிறது. 2020-ஆம் வருஷம் ஜனவரி முதல் அறைக் குளிர்சாதனங்கள் 24 டிகிரியில் தொடங்கும்படி அமைக்கப்பட வேண்டுமென மத்திய சர்க்கார் விதித்தனர். ஒவ்வொரு டிகிரி உயர்த்தி வைப்பதாலும் மின்செலவில் ஏறத்தாழ 6 சதவிகிதம் மிச்சமாகும் என்பது எரிசக்திச் சிக்கன ஸ்தாபனத்தாரின் கணக்கு. 26 டிகிரியில் வைத்து, மெதுவாக விசிறியையும் சுழலவிட்டால் சௌகரியத்திற்குக் குறைவிராது.

புதிதாகக் கட்டுவோர் கவனத்திற்கு

வீட்டின் நீண்ட பக்கங்களை வடக்கும் தெற்கும் நோக்கி அமைத்து, மேற்கே படுக்கையறையைத் தவிர்த்து, சாமான் அறை, குளியலறை முதலியவற்றை வைக்கலாம். நண்பகற் சூரியன் கோடையில் வடக்கே சாய்வதால் வடக்கு ஜன்னலுக்கும் மேலே மறைப்புத் தகடு வேண்டும். இதைப் பலரும் மறந்துவிடுகின்றனர். ஒவ்வோர் அறையிலும் எதிரெதிரே இரு திறப்புகளும், சூடான காற்று வெளியேற மேல்மட்டத்தில் சிறு துவாரங்களும் இருத்தல் நலம். திண்ணையும் தாழ்வாரமும் வீண் இடமென்று எண்ணி விட்டுவிடலாகாது. அவை சுவருக்குக் குடைபோன்றவை.

அபாயக் குறிகள்

எவ்வளவு ஏற்பாடு செய்தாலும் கடும் வெப்ப நாட்களில் முதியோர், கைக்குழந்தைகள், கர்ப்பிணிகள் ஆகியோரை அடிக்கடி பார்த்துவர வேண்டும். மோர், நீராகாரம், உப்பும் சர்க்கரையும் கலந்த நீர் முதலியவற்றைத் தாகம் எடுக்குமுன்னரே கொடுத்துவர வேண்டும். உடல் அனலாகக் கொதித்து, பேச்சுக் குழறி, நினைவு தடுமாறினால் அது உயிருக்கு ஆபத்தான நிலை. உடனே நிழலுக்குக் கொண்டுபோய், உடல் முழுவதும் நீர் ஊற்றி விசிறிக்கொண்டே 108 வண்டியை அழைக்க வேண்டும். நினைவற்றவர் வாயில் நீர் புகட்டலாகாது.

இவ்வளவு உபாயங்களையும் ஒரே வருஷத்தில் செய்ய இயலாவிடினும் குற்றமில்லை. வரும் பங்குனிக்குள் தளத்திற்குச் சுண்ணாம்பும், தை மாதத்தில் மேற்சுவருக்கு ஒரு பீர்க்கங்கொடியும், மழை தொடங்கியதும் ஒரு புங்கங்கன்றும் என்று ஆரம்பித்தால் போதுமானது. சிறிது சுண்ணாம்பும், ஒரு நாளைய உழைப்பும் எந்தக் குடும்பத்திற்கும் எட்டாத செலவல்ல. குடியானவர்கள் இவற்றை அநுசரித்து, பகலில் இளைப்பாறுதலும் இரவில் நல்ல நித்திரையும், மின்கட்டணத்தில் மிச்சமும் பெறுவார்களாக.